கச்சான் சுருளும் பொப்கோர்ன் வாளியும்: முகக்கவச விதியின் கீழ் இரண்டு கூட்ட வெளிகள்

முகக்கவசம் கட்டச் சொல்லும் எந்தச் சட்டமும் சாப்பாட்டு நேரத்தில் தடுமாறும். மூக்கையும் வாயையும் மூடு என்று உத்தரவிடலாம். மூடியபடியே தின் என்று உத்தரவிட முடியாது. கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் இதைச் சமாளித்துவிடலாம். சாப்பாட்டுக்கு ஒரு நேரமும் ஒரு மூலையும் ஒதுக்கினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் நடந்துகொண்டும் கொறித்துக்கொண்டும் திரிவதற்கென்றே சனம் கூடுகிற இடங்கள் இருக்கின்றனவே, அங்கே என்ன செய்வது? 2020 இலும் 2021 இலும் இந்தக் கேள்விக்கு இரண்டு இடங்கள் சொன்ன பதிலை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோவுக்கு அருகே உள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட். மற்றது, முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலோரம் இருக்கும் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல்.

கோயிலையும் கேளிக்கைப் பூங்காவையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வன்னியில் வளர்ந்தவர்கள் சுளிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவிசாவளைப் பக்கத்து லெஷர் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்றால் கிளிநொச்சிப் பிள்ளைக்கு அது ஒரு நாள் பயணம். இயக்கச்சியில் றீ(ச்)ஷா பண்ணை வந்தது அண்மையில்தான். அதற்கு முன்னர், குடும்பமாக உடுத்திக்கொண்டு புறப்பட்டு, வெளியில் சாப்பிட்டு, ராட்டினத்தில் ஏறி, விளையாட்டுச் சாமான் வாங்கித் திரும்புகிற நாள் என்று ஒன்று இருந்ததென்றால் அது கோயில் திருவிழா நாள்தான். ஐஸ்கிறீம் வானின் பாட்டுச் சத்தமும் தும்பு முட்டாஸ்காரனின் மணியும் அரோகராவும் ஒன்றாகக் கேட்கிற இடம் அது. பக்தி முதலில், கேளிக்கை பிறகு என்று கோடு கீறிப் பிரிப்பது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு அந்தக் கோடு தெரியாது.

டிஸ்னியை முதலில் பார்ப்போம். 2020 மார்ச் நடுப்பகுதியில் மூடிய பூங்காக்களில் இரண்டு ஜூலை 11 இலும் மற்ற இரண்டு ஜூலை 15 இலும் திறந்தன. புளோரிடாவில் தொற்று மிக மோசமாக ஏறிக்கொண்டிருந்த கிழமை அது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் முகக்கவசம் இல்லாமல் உள்ளே வர முடியாது. கவசம் இரண்டு படைத் துணியாக இருக்க வேண்டும், நாடிக்குக் கீழே இறுக வேண்டும், காதிலோ தலையிலோ கட்டுப்பட்டு நிற்க வேண்டும். கழுத்தில் சுற்றும் துணியும் முக்கோணமாக மடித்துக் கட்டும் கைக்குட்டையும் செல்லாது. காசு கொடுத்து வருகிற விருந்தாளியிடம் இவ்வளவு நெளிவில்லாமல் நடந்துகொண்ட நிறுவனத்தை அமெரிக்காவில் அப்போது காண்பது அரிது.

ஆனால் ஒரு விலக்கு இருந்தது. உண்ணும்போதும் குடிக்கும்போதும் கவசத்தைக் கழற்றலாம். இந்த ஒரு விலக்குக்குள்ளால் முழுச் சட்டமும் ஒழுகிப் போயிற்று. கையில் ஒரு பொப்கோர்ன் வாளி இருந்தால் அன்றைக்கு முழுவதும் வாய் திறந்தபடி திரியலாம். உறிஞ்சுகுழாய் செருகிய ஒரு குவளை போதும். அதில் பானம் இருக்கிறதா, உருகிய ஐஸ்தண்ணி இருக்கிறதா என்று எவரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. பூங்காவின் புகழ்பெற்ற வான்கோழிக் காலைக் கடித்துத் தின்று முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது கடிப்பவரின் விருப்பம். புளோரிடாவின் ஆடிமாத வெயிலில் முகத்தில் துணி கட்டி நடப்பது லேசான காரியமில்லை, ஆகவே சனம் வழி கண்டுபிடித்ததில் வியப்பில்லை.

திறந்து ஒரு கிழமை ஆவதற்குள் டிஸ்னி விதியின் வாசகத்தைத் திருத்தியது. உண்ணும்போது கழற்றலாம், ஆனால் ஓரிடத்தில் நின்றோ இருந்தோதான் உண்ண வேண்டும். மற்றவர்களிடமிருந்து இடைவெளியும் விட வேண்டும். நடக்கிறாயா, மூடு, தின்கிறாயா, நில். இந்தச் சின்னத் திருத்தத்தில்தான் எனக்கு உண்மையான புத்திசாலித்தனம் தெரிகிறது. என்ன தின்கிறாய், எவ்வளவு நேரம் தின்கிறாய் என்று கேட்டால் சண்டை வரும். நிற்கிறாயா நடக்கிறாயா என்பதைப் பத்து யார் தூரத்திலிருந்து எந்தப் பணியாளரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த விதி மிகவும் கடித்தது எப்கொட் பூங்காவைத்தான். அங்கே ஒரு செயற்கைக் குளத்தைச் சுற்றி 11 நாடுகளின் கூடங்கள் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீற்றர் வட்டமாக நிற்கின்றன. ஒரு நாட்டில் ஒரு வாய், அடுத்த நாட்டில் ஒரு மிடறு என்று அந்த வட்டத்தை நடந்து முடிப்பதுதான் அங்கு ஆண்டுதோறும் நடக்கும் உணவு, வைன் விழாவின் சாரமே. 2020 இல் அந்த விழா ஜூலை 15 தொடங்கி நவம்பர் வரை நடந்தது. ஆனால் நடந்துகொண்டே குடிக்கும் உரிமை போய்விட்டது. கையில் கிண்ணத்தோடு உயர்ந்த மேசை ஒன்றைத் தேடி ஒதுங்கி, நின்று, குடித்து, மறுபடி மூடிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போக வேண்டும்.

மற்ற ஏற்பாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கைபேசிச் செயலியில் சாப்பாட்டுக்குச் சொல்லி, ஆயத்தமானதும் போய் எடுக்கும் முறையைப் பெருக்கினார்கள். மேசைகளை விலக்கினார்கள். கவசத்தைக் கழற்றி மூச்சு வாங்கவென்று சில இடங்களை ஒதுக்கினார்கள். ஆட்தொகையையும் குறைத்தார்கள், கொள்ளளவில் 25 வீதத்திலிருந்து 35 வீதத்துக்கு உயர்த்தியதாக 2020 நவம்பரில் அன்றைய தலைமை நிர்வாகி பொப் சாப்பெக் சொன்னார். ரோலர் கோஸ்டர் தொடர்வண்டிகளில் கவசத்தை இறக்கியவர்களுக்கு நினைவுப் படம் கொடுக்கவில்லை. டிசம்பரில் அப்படிப்பட்ட சில படங்களில் முகத்தின்மேல் கணினியால் கவசம் வரைந்து கொடுத்துப் பார்த்து, சனம் சிரித்ததும் கைவிட்டார்கள். திறந்த வெளியில் கவசம் கட்டாயமில்லை என்றானது 2021 மே 15 இல்.

இனி நந்திக்கடல். வற்றாப்பளைக் கதையைத் தெரியாத வன்னியார் இல்லை. தெரியாத மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து வந்து, இடம் மாறி மாறி இருந்து, கடைசியில் ஒரு கிழவியாக நந்திக்கடற்கரையில் மாடு மேய்க்கும் பெடியளிடம் வருகிறாள். பசிக்கிறது என்கிறாள். பெடியள் பாற்புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபட்டு விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது, கடல்தண்ணியை ஊற்றித் திரியைக் கொளுத்துங்கள் என்கிறாள், விளக்கு எரிகிறது. தலை கடிக்கிறது, பாருங்கள் என்கிறாள். பார்த்தால் தலையெல்லாம் கண். பிறகு ஆளைக் காணவில்லை. வைகாசித் திங்களில் திரும்பி வருவேன் என்ற வாக்கின்படிதான் இன்றும் பொங்கல்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாப்பாடு நடந்துவிடுகிறது என்பது. ஊர் பேர் தெரியாத கிழவிக்கு, பசி என்று சொன்ன ஒரே காரணத்துக்காகப் புக்கை கிடைக்கிறது. அதிசயமெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே வற்றாப்பளையில் உண்பது வழிபாட்டுக்குப் பின்னால் வருகிற உபசாரம் இல்லை. அந்தக் கோயிலின் தொடக்கமே அதுதான்.

சடங்கும் அந்தக் கதையின் வழியேதான் போகிறது. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றி ஒரு கிழமை காப்பார்கள். அங்கே பொங்கல் முடிந்தபின் மடைப்பண்டங்களோடு வற்றாப்பளைக்குப் போவார்கள். திங்கள் இரவு வளந்தில் பொங்கல். அந்த இரவுக்கு வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலையிலிருந்தும் சனம் பல்லாயிரக்கணக்கில் வந்து குவியும். நடந்து வருபவர்களுக்காக வீதியோரமெங்கும் தாகசாந்தி நிலையங்கள் நிற்கும்: மோர், சர்பத், ஊறுகாய்த் தண்ணி, சில இடத்தில் தேத்தண்ணி. எவரிடமும் காசு வாங்குவதில்லை. குடியுங்கோ, குடியுங்கோ என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். குடிக்காமல் கடந்து போனால் கொடுப்பவர்களின் முகம் வாடும்.

இந்த இடத்துக்கு முகக்கவச விதி எப்படி வந்து சேர்ந்தது? இலங்கையில் 2020 ஒக்டோபர் 15 இல் வெளியான அதிவிசேட வர்த்தமானி, பொது இடத்தில் முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் சட்டமாக்கியது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல், அல்லது இரண்டும். அதற்கு அடியில் கிடந்த சட்டமோ 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயைக் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில் பிரித்தானியர் இயற்றியது. ஒர்லாண்டோவில் மீறுபவரை முதலில் பிடிப்பது நிறுவனம். அதன் கையில் இருந்த கடைசி ஆயுதம் வெளியே அனுப்புவது. நூறு டொலருக்கு மேல் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு அதுவே போதிய பயம். முல்லைத்தீவில் மீறுபவரை முதலில் பிடிப்பது அரசு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பொலிசும் வருவார்கள், பின்னால் இராணுவமும் நிற்கும். நாட்டின் கொவிட் தடுப்புச் செயல்பாட்டு மையத்துக்கே அப்போது இராணுவத் தளபதிதான் தலைவராக இருந்தார். வற்றாப்பளைக்கு அடுத்த கேப்பாப்புலவில் விமானப்படை முகாமே தனிமைப்படுத்தல் நிலையமாக இருந்தது. சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டிப் பழகிய சனத்துக்கு, வாயை மூடு என்ற உத்தரவு சுகாதார அறிவுரையாக மட்டும் காதில் விழவில்லை. அதையும் மீறிப் பெரும்பாலோர் கட்டினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

திருவிழா வளவில் விதி எப்படி இயங்கியது என்பதைக் கச்சான் கடையில் நின்று பார்த்தால் தெரியும். வற்றாப்பளை என்றில்லை, கூட்டம் ஓரளவு அனுமதிக்கப்பட்ட சிறிய கோயில்களிலும் இதே காட்சிதான். தாச்சியில் மணல் சூடாகக் கிடக்கும். அம்மா அகப்பையால் கச்சானைப் புரட்டிப் புரட்டி வறுப்பார். அரிதட்டில் கொட்டி மணலை உதிர்ப்பார். பழைய கொப்பித் தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி நிரப்பி, மேலே ஒரு பிடி கூடவும் போடுவார். வாங்கியவர் முதலில் செய்வது முகக்கவசத்தை நாடிக்கு இறக்குவது. பிறகு கோதை உடைத்து, பருப்பை உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிப் பறக்கவிடுவார். தொற்றுக்காலத்தில் ஒரு மனிதர் கூட்டத்தின் நடுவில் செய்யக்கூடாதது எதுவோ அதை, கையில் ஒரு சுருள் கச்சான் முடியும் வரை, திரும்பத் திரும்ப. கச்சானை ஊதாமல் தின்ன முடியாது. ஊதாமல் தின்றால் அது கச்சான் தின்றதாகவும் ஆகாது. பரிசோதகர் வந்தால் கவசம் மூக்குக்கு ஏறும், போனால் நாடிக்கு இறங்கும். சிலரைப் பிடித்தபோது அவர்கள் சொன்ன நியாயமும் பொப்கோர்ன் வாளிக்காரர் சொன்னதேதான்: ஐயா, சாப்பிடுகிறேன்.

டிஸ்னியில் இந்த நியாயத்துக்கு மறுமொழி இருந்தது: சாப்பிடுங்கள், ஆனால் அந்தா அந்த மரத்தடியில் நின்று. எங்கள் வர்த்தமானிக்கு அந்த மறுமொழி இல்லை. கவசம் கட்டு, இடைவெளி விடு என்ற இரண்டு வரிகளை வைத்துக்கொண்டு பரிசோதகர் கச்சான் கடையில் என்ன செய்வார்? ஒன்றில் கண்டும் காணாமல் போக வேண்டும், அல்லது கடையையே மூடவைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்தது. கோயில்களுக்கு வந்த சுகாதார அறிவுறுத்தல்களில் முதலில் அடிபட்டவை அன்னதானமும் தாகசாந்தியும் தெருக்கடைகளும். அடுத்தது பக்தர் தொகை. கடைசியில் மிஞ்சியது குருக்களும் பூசகர்களும் உபயகாரரில் சிலரும்.

2021 வைகாசி மிகவும் கடினமானது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் நாடெங்கும் தொற்று மூன்றாம் முறை எழுந்தது. புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலையில் தொற்றுக் கூடியதும், மே நடுப்பகுதியில் முல்லைத்தீவு, முள்ளியவளை, புதுக்குடியிருப்பு பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. போரில் மாண்டவர்களை நினைவுகூரும் மே 18 உம் அந்தக் கிழமைதான். முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பொதுவில் காய்ச்சிப் பகிர வழியில்லாமல் பலர் தங்கள் வீட்டு அடுப்பில் காய்ச்சினார்கள். மே 21 இரவு நாடு முழுவதற்கும் பயணக் கட்டுப்பாடு வந்தது. விசாகத்தையொட்டிய திங்கள் மே 24. முந்திய ஆண்டைப் போலவே வழக்கமான கூட்டம் இல்லாமல், சடங்கு மட்டும் குறையாமல் பொங்கல் நடந்தது. உப்புநீரில் விளக்கு எரிந்தது. கதையில் வருகிற பசித்த கிழவி மட்டும் அன்றைக்கு வந்திருந்தால் வீதித் தடையில் திருப்பி அனுப்பப்பட்டிருப்பாள்.

இதற்காக அதிகாரிகளைக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த மாதத்தில் அவ்வளவு சனம் கூடியிருந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆஸ்பத்திரிகள் தாங்கியிருக்காது. ஒர்லாண்டோவைச் சுற்றிப் பெரிய மருத்துவமனைகள் பல உண்டு. எங்களுக்கு ஒட்சிசன் கட்டில் எத்தனை என்று விரல்விட்டு எண்ண வேண்டிய நிலை. கையில் இருக்கிற கட்டிலுக்கு ஏற்றபடிதான் துணிவும் வரும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் எல்லா மாதமும் மே மாதமாக இருக்கவில்லை. தொற்றுத் தணிந்த மாதங்களிலும் அதே தடை அதே வேகத்தில் நின்றது. கோயில் அன்னதானத்துக்கு அனுமதி இல்லாத நாட்களிலும் நகரத்துச் சாப்பாட்டுக்கடை பாதிக் கதிரையோடு திறந்திருந்தது. மூடிய மண்டபம், மேலே சுழலும் காற்றாடி, எதிரெதிரே ஆட்கள். மறுபக்கத்தில் வேப்பமர நிழலில் மணலில் இருந்து இலையில் சாப்பிடும் பந்திக்குத் தடை.

காற்று என்ன செய்யும் என்று அப்போது தெரியாமலா இருந்தது? 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில், ஒரே குளிரூட்டியின் காற்றோட்டத்தில் இருந்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பத்தைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்றியது. அந்த ஆய்வு அவ்வாண்டு நடுப்பகுதிக்கு முன்பே வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. தொற்றியவர்கள் தொற்றாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக உணவகத்தில் சாப்பிட்டிருந்ததாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வொன்றும் செப்டம்பரில் வந்தது. மண்டபத்தை மூடி மரத்தடியைத் திறந்திருக்க வேண்டும். நாங்கள் மரத்தடியை மூடி மண்டபத்தைத் திறந்தோம்.

ஏன் அப்படி? என் கணிப்பில் காரணம் விஞ்ஞானத்தில் இல்லை. விற்கிற சாப்பாட்டுக்கு ஒரு முதலாளி இருக்கிறார், ஒரு வாடகை, ஒரு வங்கிக் கடன், சில சம்பளங்கள். அதை நிறுத்தினால் கேள்வி கேட்க ஆள் உண்டு. கொடுக்கிற சாப்பாட்டை நிறுத்தினால் நட்டப்பட்டவர் என்று முன்னால் வந்து நிற்க எவரும் இல்லை. டிஸ்னி அந்தத் திருத்தத்தைச் செய்தது நல்ல மனத்தினால் மட்டுமில்லை. தீனியும் பானமும் அதன் வருமானத்தில் பெரும் பங்கு. வாயை முழுக்க மூடிவிட்டால் கல்லாவும் மூடும். ஆகவே அது இருந்து யோசித்தது, யோசித்ததால் நில் என்ற ஒரு சொல் கிடைத்தது. அன்னதானத்துக்காக இருந்து யோசிக்க எவருக்கும் தேவை வரவில்லை. அடுப்பை அணை என்று ஒரு வரியில் முடிந்தது காரியம்.

கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற எங்கள் உறவுகள் இந்த இரண்டு உலகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ரொறன்ரோ அருகே கனடாஸ் வொண்டர்லான்ட் 2020 முழுவதும் திறக்கவேயில்லை. 2021 ஜூலையில்தான் திறந்தது. பாரிஸ் டிஸ்னிலான்ட் திறந்து, மறுபடி மூடி, 2021 ஜூன் 17 இல் மீண்டும் திறந்தது. ஜூலை 21 முதல் சுகாதாரச் சான்று காட்டினால்தான் வாசல். ஜப்பானிலோ பூஜி மலையடிவாரப் பூங்கா ஒன்று, தொடர்வண்டியில் கத்த வேண்டாம், மனசுக்குள் கத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. எங்கள் கோயிலில் அரோகராவை மனசுக்குள் சொல்லச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கச் சிரிப்பு வருகிறது.

ஒப்பீட்டில் இதுவரை புளோரிடாப் பக்கமே தட்டு இறங்கி நிற்கிறது. அதைச் சமப்படுத்த எங்களிடம் ஒரு துணி இருக்கிறது, டிஸ்னியின் வாசலில் செல்லாத துணி. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் மட்டக்களப்புப் பக்கம் மண்டூரிலும் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். வாய்கட்டிப் பூசை என்றால் ஈழத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். செல்வச்சந்நிதியானுக்கு அன்னதானக் கந்தன் என்றும் பேர். வாய் கட்டிய பூசகரும் ஓயாத அன்னதானமும் ஒரே வளவுக்குள் இருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. அங்கிருந்து கதிர்காமத்துக்குப் புறப்படும் பாதயாத்திரை வற்றாப்பளையைத் தொட்டுத்தான் கீழே போகிறது, ஆகவே வன்னிக்கு இது அயலூர்ப் பழக்கமுமில்லை.

அந்தத் துணி யாரை யாரிடமிருந்து காக்கிறது என்று பாருங்கள். படைப்பவரின் மூச்சும் எச்சிலும் படையலில் படக்கூடாது. உண்பவரின் வாயைப் பற்றி அந்த மரபுக்கு ஒரு கவலையும் இல்லை. உண்பவர் உண்ணத்தான் வேண்டும். டிஸ்னியின் விதியும் எங்கள் வர்த்தமானியும் உண்பவரையே துரத்திக்கொண்டு திரிந்தன: எங்கே நிற்கிறான், எப்போது கழற்றினான், எவ்வளவு நேரம். நூறு பேருக்குப் பரிமாறுகிற ஒருவர் நூறு இலைக்கு மேலாகக் குனிகிறார். சோறு காணுமோ, குழம்பு விடவோ என்று நூறு முறை கேட்கிறார். அந்த ஒரு வாயைக் கட்டினால் நூறு இலை தப்பும். டிஸ்னியில் பணியாளர்களும் கவசத்தோடுதான் நின்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது எல்லோருக்குமான விதியின் ஒரு பகுதி. தொற்று முடிந்ததும் கழன்றுபோயிற்று. செல்வச்சந்நிதித் துணி தொற்றுக்காகக் கட்டியதில்லை, ஆகவே தொற்று முடிந்ததென்று கழற்றவும் இல்லை. அதற்கு மருத்துவச் சிறப்பு ஏதும் கற்பிக்க நான் முயலவில்லை. ஒற்றைப் படை வெள்ளைத் துணி கிருமியை எவ்வளவு தடுக்கும் என்று கேட்டால், அதிகமில்லை. ஆள் யார் என்பதில் அது சரியாக இருக்கிறது. துணியை இரண்டு படையாக்குவது தையல் வேலை.

முகக்கவசம் கட்டாயமில்லை என்று இலங்கை அரசு 2022 ஜூனில் அறிவித்தபோது நாட்டில் எரிபொருளும் இல்லை, காஸும் இல்லை. சனம் வரிசையில் நின்றதே ஒழிய, அந்த அறிவிப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் வற்றாப்பளை வீதி பழையபடி நிறைந்தது. தாகசாந்திகள் திரும்பின. கச்சான் அம்மாவும் திரும்பினார். தொற்றுக்காலத்தில் படித்த எதையும் எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரே செம்பு கைமாறிக் கைமாறிப் போகிறது. பரிமாறுபவர் இருமிக்கொண்டே பரிமாறுகிறார். காய்ச்சலும் வயிற்றோட்டமும் வைகாசிக்குப் பிறகு வீடுகளுக்கு வருவது புதிதில்லை என்று எங்கள் தாய்மாருக்குத் தெரியும்.

அடுத்த வைகாசிக்கு முன்னர் அன்னதான சபையாரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் ஒரு பின்னேரம் இருந்து கதைத்தால் போதும். அகப்பை பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு படை வாய்த்துணி. இருமல் உள்ளவருக்கு அன்றைக்கு விறகு வேலை, பரிமாறும் வேலை இல்லை. பந்தி மடத்துக்குள் வேண்டாம், வெளியில் மரநிழலில் வைக்கலாம். தாகசாந்தியில் செம்புக்குப் பதில் ஆளுக்கொரு கோப்பை. கச்சான் கடைக்குப் பக்கத்தில் நின்று தின்ன ஒரு சிறு வெளி. இன்னொரு தொற்று வந்தால், அடுப்பை அணைக்கச் சொல்லி வரும் அதிகாரியிடம் இந்த ஐந்தையும் கடதாசியில் எழுதிக் காட்டுங்கள்.